சின்னக் காரின் மைலேஜ்: பெட்ரோல் எங்கே போகிறது?

ஷோரூமில் நிறத்தையும் டிக்கியையும் பார்த்து முடித்தவர் அடுத்துக் கேட்பது, “மைலேஜ் எவ்வளவு கொடுக்கும்?” என்றுதான். விற்பவர் ஓர் எண் சொல்வார். 2021-இல் புது வடிவில் வந்த மாருதி செலெரியோவின் ஒரு வகைக்கு அந்த எண் லிட்டருக்கு 26.68 கிலோமீட்டர். அதே காரை ஏசி போட்டுச் சென்னைக்குள் தினமும் ஓட்டுபவர்களிடம் சில மாதம் கழித்துக் கேட்டால் பதினைந்து, பதினாறு என்பார்கள். நெரிசலான வழியில் போகிறவர் பன்னிரண்டு என்று அலுத்துக்கொள்வார். இந்த இடைவெளிக்கு நிறுவனத்தைத் திட்டுகிறார்கள், பங்க்கைச் சந்தேகப்படுகிறார்கள், மெக்கானிக்கை மாற்றுகிறார்கள். பிறகு ஏதாவது ஒரு திரவத்தையோ காந்தத்தையோ வாங்கி மாட்டுகிறார்கள். பெட்ரோல் உண்மையில் எங்கே செலவாகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் குறைவு. பார்த்தால், நம்மால் மிச்சப்படுத்தக்கூடியதில் பெரும்பகுதி பிரேக்கிலும் வேகத்திலும் நின்றபடி ஓடும் இன்ஜினிலும் போவது தெரியும். மூன்றும் ஓட்டுகிறவரின் காலடியில் இருப்பவை.

முதலில் அந்த ஷோரூம் எண். அது பொய் இல்லை. இந்தியச் சோதனை முறைப்படி, காரை உருளைகளின் மேல் நிறுத்தி, வகுத்துவைத்த வேக அட்டவணைப்படி 1180 விநாடி ஓட்டி அளக்கிறார்கள். ஐரோப்பாவின் பழைய சோதனை முறையைத் தழுவி, உச்ச வேகத்தை மட்டும் 90 கிலோமீட்டராகக் குறைத்து அமைத்தது இது. ஏசி கிடையாது. நின்ற நிலையிலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொட 26 விநாடி எடுத்துக்கொள்ளலாம். அண்ணா சாலையில் பச்சை விழுந்தபின் அப்படிக் கிளம்பினால் பின்னால் இருப்பவர்கள் ஹாரனிலேயே நம்மைத் தள்ளிவிடுவார்கள். ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட அந்த எண் நல்ல அளவுகோல். நம் தெருவுக்கு அது வாக்குறுதி ஆகாது.

இனி கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. சிறிய பெட்ரோல் இன்ஜின் தனக்கு மிக வசதியான சுமையில் ஓடும்போது அதில் மூன்றில் ஒரு பங்கை வேலையாக மாற்றும். ஊருக்குள் ஐந்தில் ஒரு பங்கு தேறுவதே பெரிது. மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது. ஊருக்குள் இவ்வளவு மோசமாவதற்குக் காரணம், இன்ஜினுக்குள் காற்று போகும் வழியில் இருக்கும் திராட்டில் என்னும் தகடு. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது அது ஏறக்குறைய மூடியே இருக்கும். வாயைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சு வாங்குவதுபோல், இன்ஜின் காற்றை இழுக்கவே தன் உழைப்பில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. அதனால்தான் ஒரே வேகத்தை மூன்றாவது கியரில் பிடிப்பதைவிட நான்காவதில் பிடிப்பது லாபம். இன்ஜின் சுற்று குறைகிறது, திராட்டில் கூடுதலாகத் திறக்கிறது. சாதாரணமாகப் போகும்போது நிமிடத்துக்கு 2000 முதல் 2500 சுற்றுக்குள் அடுத்த கியருக்கு மாற்றிவிடலாம். அதற்காக வண்டி திணறி உதறும் அளவுக்குப் பெரிய கியரில் இழுப்பதும் தவறு. இன்ஜினுக்குக் கேடு, பெட்ரோலும் மிஞ்சாது.

இன்ஜினிலிருந்து வெளியே வரும் வேலையைச் செலவழிப்பவை மூன்று: டயர் உருள்வதற்கான தடை, காற்றின் எதிர்ப்பு, நாம் மிதிக்கும் பிரேக். ஆட்களோடு சேர்த்து 1000 கிலோ எடையுள்ள ஒரு சின்னக் காரை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் ஒரு கிலோமீட்டருக்கு அதற்குத் தேவைப்படும் வேலை சுமார் 220 கிலோஜூல். அதே 60-இல் போகும் காருக்குள் அதன் ஓட்டமே சேர்த்துவைத்திருக்கும் ஆற்றல் சுமார் 140 கிலோஜூல். பிரேக்கை மிதித்து நிறுத்தினால் அந்த 140-ம் பிரேக் தட்டில் சூடாகி மறைகிறது. அதாவது 60-இலிருந்து ஒருமுறை நிறுத்துவது, அறுநூறு மீட்டருக்கு மேல் சீராக ஓட்டியிருக்கக்கூடிய வேலையைத் தூக்கி எறிவது. 40-இலிருந்து நிறுத்தினாலும் ஏறக்குறைய நானூறு மீட்டர் போய்விடுகிறது. நகரத்தில் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு சிக்னலோ, வேகத்தடையோ, குறுக்கே வரும் ஆட்டோவோ இருக்கும். மைலேஜ் ஏன் பாதியாகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே ஊருக்குள் சிக்கனம் என்பது பிரேக்கைத் தவிர்க்கும் கலை. இருநூறு மீட்டருக்கு முன்னால் சிவப்பு விழுந்திருக்கிறது. ஒருவர் கடைசி முப்பது மீட்டர்வரை ஆக்சிலரேட்டரில் காலை வைத்திருந்து, பிறகு பிரேக்கை அழுத்தி, பேருந்தின் பின்னால் போய் நிற்கிறார். இன்னொருவர் சிவப்பைப் பார்த்த இடத்திலேயே காலை எடுத்துவிட்டு, கியரிலேயே உருண்டு வருகிறார். அவர் அருகில் வரும்போது பச்சை விழுந்துவிடுகிறது. இருபது கிலோமீட்டர் வேகத்திலிருந்தே மீண்டும் எடுக்கிறார். இருவரும் சிக்னலைத் தாண்டும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாமவர் ஒரு முழு நிறுத்தத்துக்கான பெட்ரோலை எரித்திருக்கிறார். மெல்லக் கிளம்பச் சொல்லும் அறிவுரையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதில் உண்மை உண்டு, ஆனால் அது பாதி உண்மை. முன்னால் சாலை காலியாக இருக்கையில் ஓரளவு சுறுசுறுப்பாக வேகமெடுத்துச் சட்டென்று மேல் கியருக்குப் போவதில் பெரிய நஷ்டம் இல்லை. எடுத்த வேகத்தை அடுத்த நொடியே பிரேக்கில் கொட்டுவதுதான் நஷ்டம்.

கியரிலேயே உருள்வது என்று சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கார்புரேட்டர் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. மாருதி 800-க்கே 2000-ஆம் ஆண்டையொட்டி இன்ஜெக்டர் முறை வந்துவிட்டது. இன்ஜெக்டர் உள்ள காரில், கியரில் இருக்கையில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும்வரை பெட்ரோல் தெளிப்பது முற்றாக நின்றுவிடும். சக்கரங்களே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் விட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்க அது தெளித்துக்கொண்டே இருந்தாக வேண்டும். மலைப்பாதையில் பெட்ரோலை விடுங்கள், உயிர்தான் கணக்கு. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையிலும், செங்குத்தான கல்லட்டிச் சாலையிலும் நியூட்ரலில் இறங்குபவர் இன்ஜின் தரும் பிடிப்பை இழந்து, முழுப் பாரத்தையும் பிரேக்கின் மேல் போடுகிறார். சூடேறிய பிரேக் பிடிக்காமல் போகும். நீலகிரியில் இறங்கும்போது இரண்டாம் கியருக்கு மேல் போகாதீர்கள் என்று பலகை வைத்திருப்பது இதற்காகத்தான்.

நின்றபடி ஓடும் இன்ஜின் அடுத்த ஓட்டை. ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இன்ஜின் சும்மா உறுமிக்கொண்டிருக்க மணிக்கு அரை லிட்டருக்கும் மேல் குடிக்கும்; ஏசியும் ஓடினால் இன்னும் கூடும். ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நிற்கும் கார், நகராத நிலையிலேயே ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்கான பெட்ரோலை விட்டுவிடுகிறது. மீண்டும் ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல், இன்ஜின் பத்து விநாடி நின்றபடி ஓட ஆகும் அளவுதான். பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் கார்களை அணைத்தால் பெட்ரோலும் மிஞ்சும், வெளியே வரும் குழந்தைகள் புகையைச் சுவாசிக்காமலும் இருப்பார்கள்.

ஏசியைப் பற்றிப் பேசும்போது நம் வெயிலை மறக்கக் கூடாது. ஏசியை அணைத்துவிட்டு ஓட்டுங்கள் என்று மே மாதத்தில் வேலூர்க்காரரிடம் சொல்வதில் பொருளில்லை. ஆனால் சின்ன இன்ஜினுக்கு அது பெரிய சுமை என்பது உண்மை. கடும் வெப்பத்தில், குறிப்பாகக் குறுகிய பயணங்களில், மைலேஜ் கால் பங்குக்கு மேல்கூடக் குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெயிலில் நின்ற காரின் உள்ளே இருக்கும் அனலைக் குளிர்விப்பதில்தான் பெரும் செலவு. கண்ணாடிகளை இறக்கி ஓரிரு நிமிடம் ஓட்டி அந்த அனலை வெளியேற்றிவிட்டு ஏசியைப் போடுவது, உள்காற்றையே சுழலவிடுவது, நிழல் பார்த்து நிறுத்துவது ஆகியவை உண்மையிலேயே பலன் தரும். ஊருக்குள் மெதுவாகப் போகையில் கண்ணாடியை இறக்குவது லாபம். நெடுஞ்சாலை வேகத்தில் அதுவே காற்றின் எதிர்ப்பைக் கூட்டும், அங்கே ஏசி தேவலை.

நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டோம். இங்கே எதிரி காற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு. மேலே சொன்ன அதே காருக்கு 80-இல் தேவைப்படும் வேலையைவிட 100-இல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சுமை கூடும்போது இன்ஜினின் திறன் சற்று உயர்வதால் பெட்ரோல் செலவு அதே அளவுக்குக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சுமார் 330 கிலோமீட்டர். 100-க்குப் பதில் 80-இல் போனால் இரண்டரை, மூன்று லிட்டர் மிஞ்சும். கணக்குப்படி ஐம்பது நிமிடம் தாமதமாகும். அந்த ஐம்பது நிமிடம் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும். கூரையில் மாட்டிய கேரியரை ஊர் திரும்பியதும் கழற்றிவைப்பதில் மட்டும் யோசிக்க ஒன்றுமில்லை. சுமை இல்லாவிட்டாலும் அது காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் வரும்.

பராமரிப்பில் எது முக்கியம், எது பழைய நம்பிக்கை என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. காற்று வடிகட்டி அடைத்தால் மைலேஜ் விழும் என்று சர்வீஸுக்குச் சர்வீஸ் மாற்றுகிறோம். கார்புரேட்டர் காருக்கு அது சரி. இன்ஜெக்டர் காரில் உள்ளே வரும் காற்றுக்கேற்பக் கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொள்வதால் மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை, இழுவைதான் குறைகிறது என்று அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் கண்டது. இன்ஜினின் ஆயுளுக்காக வடிகட்டியை மாற்றத்தான் வேண்டும். மைலேஜை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். டயர் காற்றோ நேர்மாறு. மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும், பலரும் அதைச் செய்வதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அளவு இருக்கும். டயர் சூடேறாமல் இருக்கும் காலை வேளையில் அந்த அளவுக்குப் பிடிக்க வேண்டும். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நசுங்கி நிமிர்கிறது, அந்த நசுக்கலே சூடாகி வீணாகிறது. அழகுக்காக 145 அளவு டயரைக் கழற்றி அகலமான டயரும் அலாய் வீலும் போடுபவர் இந்த நஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

இன்னும் இரண்டு கோளாறுகள் உண்டு. வெளியே தெரியாது, மைலேஜை மட்டும் தின்னும். ஒன்று, விடாமல் உரசிக்கொண்டிருக்கும் பிரேக். கடலோர ஊர்களின் உப்புக் காற்றில் காலிப்பரின் பின்கள் துருவேறி இறுகும். ஹேண்ட் பிரேக் கேபிள் சிக்கிக்கொள்ளும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போய், பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் உறுதியாகிவிடும். இரண்டாவது, இன்ஜினின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு. வண்டி சூடாகிறது என்று போனால், “சார், தெர்மோஸ்டாட்டக் கழட்டி விட்டுட்டேன், நம்ம ஊருக்கு அது தேவையில்ல, இனிமே ஹீட் ஆகாது” என்று சொல்லும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். வண்டி சூடாகாதுதான். ஆனால் இன்ஜின் 85, 90 டிகிரியை எட்டாமல் குளிர்ந்தே ஓடும். ‘இன்னும் சூடேறவில்லை’ என்று கணினி நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தெளித்துக்கொண்டேயிருக்கும்; ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். நம் ஊருக்கும் தெர்மோஸ்டாட் தேவை. ஆயிலும் அப்படியே. 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயிலுக்கென்று செய்த இன்ஜினில், வெயில் ஊர் என்று சொல்லிக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது உராய்வைக் கூட்டும் வேலை.

கடையில் விற்கும் அற்புதங்களுக்கு ஒரு பத்தி போதும். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், சிகரெட் லைட்டரில் செருகும் பெட்டி, தண்ணீரிலிருந்து வாயு பிரிக்கும் கருவி என்று நூற்றுக்கும் மேற்பட்டவற்றை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டியது எதுவும் இல்லை. 1996-இல் மூலிகையால் பெட்ரோல் செய்யலாம் என்ற ‘மூலிகைப் பெட்ரோல்’ பேச்சு தமிழ்நாட்டையே பரபரப்பாக்கியதைப் பார்த்தவர்கள் நாம். அந்த ஆசை எனக்குப் புரிகிறது. மாதச் சம்பளத்தில் பெட்ரோலுக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்தவர்தான் அதில் ஏமாறுகிறார். அதனாலேயே அதை விற்பவர்கள்மேல் கோபம் வருகிறது.

எரிபொருளின் பங்கைப் பற்றி இப்போது சூடான விவாதம் நடக்கிறது. இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. ஒரு லிட்டர் எத்தனாலில் சுமார் 21 மெகாஜூல்தான் உண்டு. கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இந்தக் கலவையில் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைவு. 2022-இல் நாடு எட்டிய பத்து சதவீதக் கலவையோடு ஒப்பிட்டால் மூன்றரை சதவீதம் குறைவு. நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கையும் பழைய கார்களுக்கு ஆறேழு சதவீத இழப்பையே சொன்னது. எத்தனாலுக்கேற்ப அமுக்க விகிதத்தை உயர்த்திச் செய்த இன்ஜின் இதில் ஒரு பகுதியை மீட்கும், பழைய காரால் முடியாது. ஆகவே மைலேஜ் சற்றே விழுந்தது என்று சொல்பவரின் புகார் நியாயமானது, அதற்கான விலைக்குறைப்பைக் கேட்பதும் நியாயம். பதினெட்டிலிருந்து பன்னிரண்டுக்கு விழுந்ததென்றால் எத்தனாலை மட்டும் குற்றம் சொல்லாமல் பிரேக்கையும் தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள். நூறு ஆக்டேன் பெட்ரோலைச் சாதாரணச் சின்னக் காருக்கு ஊற்றுவதால் மைலேஜ் கூடாது; உயர்ந்த அமுக்கம் உள்ள இன்ஜினுக்குத்தான் அது பயன்படும்.

சி.என்.ஜி. காரின் எண்ணும் பலரை மயக்குகிறது. வேகன் ஆருக்குக் கிலோவுக்கு 34.05 கிலோமீட்டர் என்கிறார்கள். ஒரு கிலோ வாயுவில் ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் பெட்ரோல் கணக்கில் 22, 23-தான் வருகிறது. காசு மிஞ்சுவது உண்மை. அது வாயுவின் விலையால் மிஞ்சுவது.

இவ்வளவும் செய்து பலன் கிடைத்ததா என்று அறிய அளக்கத் தெரிய வேண்டும். டேங்கை நிரப்பி, டிரிப் மீட்டரைச் சைபராக்கி, ஓட்டி, அதே பங்க்கில் மீண்டும் நிரப்பி வகுப்பதே நம்பகமான வழி. பங்க்கில் பெட்ரோல் ஊற்றும் பிடியின் தானியங்கி நிறுத்தம் முன்னே பின்னே அரை லிட்டர் தவறும். ஐந்து லிட்டர் போட்டு அளந்தால் அந்த அரை லிட்டர் பத்து சதவீதப் பிழை. இருபத்தைந்து லிட்டரில் இரண்டு சதவீதம். ஐநூறு ரூபாய்க்குப் போட்டு மைலேஜ் பார்ப்பவர் பிழையைத்தான் பார்க்கிறார்.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பேசும் நம் வழக்கமே ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. இருபதை இருபத்து நான்காக்குவது பெரிய சாதனையாகவும், பத்தைப் பன்னிரண்டாக்குவது சின்ன விஷயமாகவும் தோன்றும். ஆயிரம் கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் முன்னதில் மிஞ்சுவது எட்டு லிட்டர், பின்னதில் பதினாறரை லிட்டருக்கு மேல். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக்கும் ஜாக் சோலும் 2008-இல் இந்த மயக்கத்தை ஆராய்ந்து எழுதினார்கள். ஐரோப்பியர்களைப்போல் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எண்ணினால் இது வராது. நெடுஞ்சாலையில் இருபத்து நான்கு கிடைத்ததென்று பெருமைப்படுவதைவிட, தினசரி நெரிசலில் பதினொன்றைப் பதின்மூன்றாக்குவதுதான் குடும்பத்துக்கு அதிகம் மிச்சப்படுத்தும்.

காரைச் செய்பவர்களால் முடிந்தது என்ன? 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 சுமார் 650 கிலோதான். அதன் சிக்கனத்துக்கு முதல் காரணம் எடை. இன்றைய சின்னக் கார்கள் நூறு, இருநூறு கிலோ கூடுதல். அந்த எடையில் ஒரு பகுதி மோதல் சோதனையைத் தாங்கும் இரும்பும் காற்றுப் பைகளும். அதற்காக வருந்துவது தவறு. ஃபோக்ஸ்வாகன் 1999-இல் லூப்போ 3எல் காரை அலுமினியமும் மக்னீசியமும் சேர்த்து இளைக்க வைத்து, உடலைக் காற்றுக்கேற்ப வழித்து, 1.2 லிட்டர் டீசல் இன்ஜினில் நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் என்ற அளவை எட்டியது. விலை அதிகம், வாங்கியவர்கள் குறைவு. பிரேக்கில் வீணாவதைப் பேட்டரிக்குத் திருப்பும் ஹைப்ரிட் நகரத்துக்கு ஏற்ற விடைதான். ஆனால் இந்தியாவில் அது பெரிய கார்களோடு நின்றிருக்கிறது. 2022-23 முதல் ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் அனைத்தின் சராசரிக் கரியமில வாயு கிலோமீட்டருக்கு 113 கிராம் என்ற வரம்புக்குள் வர வேண்டும். ஆனால் கார்களின் சராசரி எடை கூடினால் வரம்பும் தளரும்படி விதி எழுதப்பட்டிருக்கிறது. எடையைக் குறைப்பவருக்குப் பரிசளிக்க வேண்டிய இடத்தில் அது பாரத்துக்குச் சலுகை தருகிறது. இது மாற வேண்டும்.

ஓட்டுநர் எவ்வளவு கவனித்தாலும் அவர் கையில் இல்லாத ஒன்று சிக்னல்களின் நேரம். ஒரே சாலையில் அடுத்தடுத்த சிக்னல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இயங்கினால், ஒன்றில் பச்சை பெற்றுக் கிளம்பியவர் அடுத்ததில் சிவப்பில் நின்றே ஆக வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தில் சீராக வருபவருக்கு வரிசையாகப் பச்சை கிடைக்கும்படி அவற்றை இணைப்பது பல நாட்டு நகரங்களில் பழைய வழக்கம். அறிவிப்புப் பலகையும் வெள்ளைக் கோடும் இல்லாமல் போட்ட வேகத்தடையும் இதே கணக்கில் வரும். கண்ணுக்குத் தெரியாத தடைக்கு எல்லோரும் கடைசி நொடியில் பிரேக் அடிக்கிறார்கள். தெரிந்திருந்தால் ஐம்பது மீட்டர் முன்பே காலை எடுத்திருப்பார்கள். மாநகராட்சியும் போக்குவரத்துக் காவல்துறையும் சேர்ந்து ஒரு சாலையில் இந்த இரண்டையும் சரிசெய்தால், அதில் போகும் ஒவ்வொரு காருக்கும் மைலேஜ் கூடும், எந்த உரிமையாளரும் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல்.